மூளை ஆபரேஷனுக்கு மயக்கம்: கேஸா, பால் மருந்தா?

மூளையில் கட்டி, ஆபரேஷன் என்று தேதி குறித்ததும் வீட்டுக்காரர்கள் சர்ஜனிடம் நூறு கேள்வி கேட்பார்கள். மயக்க மருந்து டாக்டரான என்னிடம் வந்தால் ஒரே கேள்விதான்: "கண்ணு முழிச்சிடுவாரு இல்ல?" கொஞ்ச நாளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவரின் மகன் ஒருவர், செல்போனில் எதையோ படித்துவிட்டு வந்து, "டாக்டர், கேஸ் குடுத்தா மூளைக்கு ரத்தம் ஜாஸ்தி போயி வீங்கிக்குமாமே, நைனாவுக்கு ஊசியிலயே தூங்க வெச்சிடுங்க" என்றார். "தம்பி, நீங்க சொல்றது பாதி சரி" என்றேன். மீதிப் பாதியை ஓபி வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டைக்குள் இன்னும் இடம் இருக்கிறவருக்கு, மூச்சோடு உள்ளே போகும் கேஸ்களான செவோஃப்ளூரேனையோ ஐசோஃப்ளூரேனையோ குறைந்த அளவில் கொடுத்து, வலிக்கு ஃபென்டனில் சேர்த்துக்கொண்டால் நன்றாகவே நடக்கும். மூளை ஏற்கெனவே வீங்கி இறுகிப்போனவருக்கு புரோபோஃபால், அதாவது தியேட்டரில் நாங்கள் பால் மருந்து என்கிற அந்த வெள்ளை ஊசியை, பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுதான் என் தேர்வு. நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு கேஸ் இரண்டு பேருக்கும் வேண்டாம். பெயரைவிட அளவும், அந்த மூளை எந்த நிலையில் தியேட்டருக்குள் வருகிறது என்பதும்தான் பெரிய விஷயம்.

ஏன் என்று பார்க்கலாம். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தையும் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு சுமார் 50 மி.லி. ரத்தம். மண்டையோடு விரியாது. உள்ளே மூளை, ரத்தம், தண்டுவட நீர் என்று மூன்றும் அடைத்துக்கொண்டு இருக்கின்றன. கட்டி வளர்ந்தால் அதற்கும் இடம் வேண்டும், அதனால் நீர் கொஞ்சம் முதுகுத் தண்டுப் பக்கம் ஒதுங்கிக்கொடுக்கும், ரத்தக் குழாய்களும் கொஞ்சம் ஒதுங்கும், அதற்கு மேல் ஒதுங்க வழியில்லை என்ற இடம் வரும்போது 10 மி.லி. ரத்தம் கூடினாலே அழுத்தம் சர்ரென்று ஏறிவிடும்.

சாதாரணமாக மூளை எவ்வளவு வேலை செய்கிறதோ அதற்குத் தக்கபடிதான் ரத்தம் போகும். வியாசர்பாடித் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: பொங்கலுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டால் லாரி நடையும் குறையும். புரோபோஃபால் செய்வது இவ்வளவுதான், நரம்பு செல்களின் வேலையைக் குறைக்கிறது, வேலை குறைந்ததால் ரத்தக் குழாய் தானாகச் சுருங்குகிறது, மண்டைக்குள் அழுத்தமும் இறங்குகிறது. கேஸ் இரண்டு காரியம் செய்கிறது. ஆட்களை ஊருக்கு அனுப்புகிறது, கூடவே லாரியின் வால்வைத் திறந்தும் விடுகிறது. செல்களின் தேவையைக் குறைக்கும் அதே கேஸ், ரத்தக் குழாயின் சுவரில் நேரடியாக வேலை செய்து அதை விரிக்கவும் செய்கிறது. இந்த இரண்டில் எது ஜெயிக்கும் என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது.

அளவை நாங்கள் மேக் என்ற கணக்கில் சொல்வோம். தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்க நுரையீரலில் எவ்வளவு கேஸ் இருக்க வேண்டுமோ அது 1 மேக். செவோவுக்கு சுமார் 2 சதவீதம், ஐசோவுக்கு 1.2, டெஸ்ஃப்ளூரேனுக்கு 6. நைட்ரஸுக்கு 104, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் வெறும் நைட்ரஸை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை முழு மயக்கத்தில் வைக்கவே முடியாது. இதில் ஒரு வேடிக்கை: அசையாமல் இருப்பது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிற வேலை, மூளையில் இல்லை. நினைவு போவதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஏறக்குறைய போதும். ஆகவே வலிக்கு வேறு மருந்து, அசையாமல் இருக்க வேறு மருந்து என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் கேஸைக் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். 1 மேக்குக்குக் கீழே செவோவும் ஐசோவும் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பெரிதாக ஏற்றுவதில்லை, சில சமயம் குறையக்கூடச் செய்யும். அதைத் தாண்டினால்தான் விரிவது மேலோங்கும். ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் அந்த இயல்பும் மழுங்கத் தொடங்கும். காசிமேட்டுத் தம்பி படித்தது இந்த மேல் பாதியை. நாங்கள் வேலை செய்வது கீழ்ப் பாதியில்.

ஒவ்வொரு கேஸாக வருகிறேன், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப் போவதில்லை.

ஹாலோத்தேன் 1956-ல் மருத்துவமனைகளுக்குள் வந்து பல பத்தாண்டுகள் ராஜாவாக இருந்தது. மூளை ரத்தக் குழாயை இந்த வரிசையில் மிக அதிகமாக விரிக்கிறது இதுதான், தேவையையோ கொஞ்சம்தான் குறைக்கிறது. மூளை ஆபரேஷனுக்கு இதை இன்று யாரும் யோசிப்பதில்லை.

நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதன் நீல நிற சிலிண்டர் இன்னமும் பல தியேட்டர்களில் இருக்கிறது, மலிவு, பழகிய கை தானாக அந்தக் குமிழைத் திருப்பிவிடும். மற்ற கேஸ்கள் மூளையின் வேலையைக் குறைக்கின்றன. இது ரத்த ஓட்டத்தையும் ஏற்றுகிறது, செல்களின் ஆக்சிஜன் செலவையும் ஏற்றுகிறது. தனியாகக் கொடுத்தால் இது நன்றாகவே தெரியும், செவோவோடு சேர்த்தால் செவோ சேமித்துக் கொடுத்ததில் ஒரு பங்கை இது தின்றுவிடும், புரோபோஃபாலோடு கொடுத்தால் அவ்வளவு மோசம் இல்லை. இன்னொரு தொல்லை, ரத்தத்தில் நைட்ரஜனைவிட இது 30 மடங்குக்கும் மேல் கரைகிறது. மூளை ஆபரேஷன் முடிந்து மேல் உறையைத் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்வது சகஜம்; அந்தக் காற்றுப் பைக்குள் நைட்ரஸ் வேகமாக நுழையும், நைட்ரஜன் அவ்வளவு வேகமாக வெளியேறாது, பை பெருத்துவிடும். முதல் ஆபரேஷன் ஆகிச் சில வாரங்களுக்குள் இரண்டாவதாகத் தலையைத் திறக்க வேண்டி வருகிறவருக்கு அந்தக் காற்று இன்னும் மிச்சம் இருக்கலாம். எழுந்தபின் வாந்தியும் இதில் அதிகம், தலையில் தையலோடு ஒருவர் குமட்டுவதை நான் விரும்புவதில்லை.

ஆனால் மனிதனின் மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று சரியாக அளக்க முடிந்ததே இந்த நைட்ரஸால்தான். 1945-ல் அமெரிக்காவில் கெட்டி, ஷ்மிட் என்ற இருவர், தன்னார்வலர்களைக் குறைந்த அளவு நைட்ரஸை முகரச் செய்து, தமனி ரத்தத்திலும் மூளையிலிருந்து கழுத்து வழியாகத் திரும்பும் சிரை ரத்தத்திலும் அது எவ்வளவு என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக் கணக்கிட்டார்கள். மேலே நான் சொன்ன 50 மி.லி. கணக்கு அந்த வழியில் வந்ததுதான். அளக்க உதவிய அதே கேஸை இன்று மூளைத் தியேட்டரில் மூடி வைக்கச் சொல்கிறோம்.

ஐசோஃப்ளூரேன் பழைய நம்பிக்கையான ஆள். மலிவு, மூளையின் தேவையை நன்றாகக் குறைக்கும், ஹாலோத்தேன் அளவுக்குக் குழாயை விரிக்காது. குறை என்றால் ரத்தத்தில் கரைவது கூடுதல், ரத்தத்துக்கும் கேஸுக்குமான பங்கீடு 1.4, செவோவுக்கு 0.65, டெஸ்ஸுக்கு 0.42. கரைவது கூடினால் வெளியேறவும் நேரம் பிடிக்கும், ஆறு மணி நேர ஆபரேஷனுக்குப் பிறகு எழுப்புவது மெதுவாகும். மூளை ஆபரேஷனில் இது சின்ன விஷயம் இல்லை, முடிந்த சில நிமிடங்களில் "கையைத் தூக்குங்க, பேரைச் சொல்லுங்க" என்று கேட்டுப் பதில் வாங்கினால்தான் உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்று சர்ஜன் நிம்மதியாகப் போவார். அனுபவம் உள்ளவர் தையல் போடும் நேரத்திலேயே ஐசோவைக் குறைத்துக்கொண்டு வந்து இதைச் சமாளித்துவிடுவார்.

செவோஃப்ளூரேன்தான் கேஸ்களில் என் முதல் தேர்வு. குழாயை விரிப்பதில் இந்த வரிசையில் மிகக் குறைவு, ரத்த அழுத்தம் மாறினாலும் ஓட்டத்தை நிலையாக வைக்கும் மூளையின் இயல்பை மற்றவற்றைவிட நன்றாக விட்டுவைக்கிறது, மூக்கை எரிக்காது, அதனால் குழந்தைகளுக்கு முகமூடி வைத்தே தூங்க வைக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அதிக அளவில், அதுவும் மூச்சை வேகமாக ஓட்டிக்கொண்டே கொடுத்தால், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜியில் வலிப்பு மாதிரியான அலைகள் வரலாம், குழந்தைகளிடம் இது கூடுதல். வலிப்பு உள்ளவருக்கு செவோ கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, அளவை ஏற்றாதே என்றுதான் அர்த்தம்.

டெஸ்ஃப்ளூரேன் வேகமாக எழுப்பும், அதில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சட்டென்று அளவை ஏற்றினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், தொண்டையை எரிக்கும், சுமார் 23 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் சூடு பண்ணும் தனி வேப்பரைசர், அதாவது மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் கருவி, வேண்டும். சென்னை வெயிலில் பாட்டிலைத் திறந்து வைத்தாலே கொதிக்கும். பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 2,500 மடங்கு, இதனாலேயே ஸ்காட்லாந்து 2023-ல் நிறுத்திவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2026 ஜனவரி 1 முதல் மருத்துவக் காரணம் கட்டாயம் இருந்தால் தவிர பயன்படுத்தக் கூடாது. மணலி, எண்ணூர் காற்றைச் சுவாசித்து வளர்ந்த எனக்கு, செவோவால் முடிகிற வேலைக்கு இதை எடுக்க மனசு வருவதில்லை.

சரி, கேஸில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்றால் எல்லோருக்கும் புரோபோஃபாலே கொடுத்துவிடலாமே? நியாயமான கேள்வி. கேஸ் கொடுக்கும்போது நோயாளி வெளிவிடும் மூச்சில் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் நம்பர் வரும்; அந்த நம்பர் இருக்கும்வரை மருந்து மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். புரோபோஃபாலுக்கு அப்படி ஒரு நம்பர் கிடையாது. கையைத் துணிக்கு அடியில் மூடிவிட்டார்கள், ஊசி நரம்பிலிருந்து நழுவித் தோலுக்கு அடியில் இறங்குகிறது, பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் 2014-ல் வந்த பெரிய தணிக்கை ஒன்றில், ஊசி வழி மயக்கத்தில் நினைவு திரும்பிய சம்பவங்களில் இப்படி மருந்து போய்ச் சேராமல் போனதே முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்தது. அப்புறம் ரத்த அழுத்தத்தையும் இது இறக்கும். மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை என்பது உடலின் சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் வருவது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் லாபம் ஒன்றுமில்லை. மூச்சை வேகமாகவும் ஓட்டி, புரோபோஃபாலையும் கொடுத்தால் ரத்த ஓட்டம் தேவைக்கும் கீழே போகிற ஆபத்தும் உண்டு.

மூளையின் அலைகளைப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தூரத்து உறவு இல்லை. விழித்திருந்து கண்ணை மூடினால் ஆல்ஃபா அலை பின்மண்டையில் தெரியும். புரோபோஃபாலிலும் செவோவிலும் மயங்கியவருக்கு அது நெற்றிப் பக்கம் வந்துவிடும், அதோடு மெதுவான பெரிய டெல்டா அலைகளும் சேரும். இரண்டுமே முதன்மையாக காபா என்ற அடக்கும் வழியைத் தூண்டுவதால் இந்த ஒற்றுமை. நைட்ரஸ் வேறு வழியில், கெட்டமின் என்ற மயக்க மருந்து போகும் வழியில் போவதால் வேகமான அலைகளைக் கூட்டும். அதனால் நெற்றியில் ஒட்டி மயக்கத்தின் ஆழத்தை நம்பராகக் காட்டும் பிஸ் மானிட்டரை அங்கே நம்ப முடியாது. கேஸை இன்னும் ஏற்றினால் அலைகள் வெடித்து வெடித்து அடங்கும், நடுவில் தட்டையான கோடு. ஐசோவில் சுமார் 2 மேக்கில் முழுத் தட்டை. அந்த நேரத்தில் மூளையின் ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய பாதியாகியிருக்கும். மீதிப் பாதி செல்கள் உயிரோடு இருக்க வேண்டிய செலவு, அதைக் கேஸால் குறைக்க முடியாது. அதற்கு மேல் ஏற்றினால் தேவை ஒரு துளிகூடக் குறையாது, குழாய் மட்டும் விரிந்துகொண்டே போகும். "ஆழமா தூங்க வெச்சா மூளைக்கு ரெஸ்ட்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கை முடிக்கவே முடியாது. ரத்தத்தில் அதன் அழுத்தம் 1 மி.மீ. ஏறினால் மூளையின் ரத்த ஓட்டம் 3, 4 சதவீதம் ஏறும். 40-லிருந்து 50-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். செவோவை 1 மேக்குக்குள் வைப்பதால் ஏற்படும் மாற்றம் இதன் முன் ஒன்றுமே இல்லை. நல்ல விஷயம் என்னவென்றால் செவோ, ஐசோ இரண்டிலும் இந்த இயல்பு கெடுவதில்லை, வென்டிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டி 30-35 அளவில் வைத்தால் கேஸ் விரித்ததை இது சுருக்கிவிடும். 30-க்குக் கீழே அவசரத்துக்குத் தவிரப் போகக் கூடாது, மூளை பட்டினி கிடக்கும். அதே மாதிரி தலைப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துவது, கழுத்தைத் திருகாமல் வைப்பது, மூச்சுக் குழாயைக் கட்டும் டேப் கழுத்து ரத்தக் குழாயை இறுக்காமல் பார்ப்பது. கேஸா ஊசியா என்று அரை மணி நேரம் வாதாடிவிட்டு டேப்பை இறுக்கிக் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்றால், 1993-ல் அமெரிக்காவில் கட்டி ஆபரேஷனுக்கு வந்தவர்களைப் பிரித்துப் புரோபோஃபால், ஐசோவோடு நைட்ரஸ், ஃபென்டனிலோடு நைட்ரஸ் என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தேறி வீடு போனதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2003-ல் டென்மார்க்கில் புரோபோஃபால், ஐசோ, செவோ மூன்றையும் ஒப்பிட்டபோது புரோபோஃபாலில் மண்டைக்குள் அழுத்தம் குறைவு, உறையைத் திறந்தபின் மூளை வீங்கி வருவதும் குறைவு. இரண்டும் முரண் போலத் தெரியும், இல்லை. பால் மருந்து சர்ஜனுக்குத் தளர்வான மூளையைக் கொடுக்கிறது. இடம் இருக்கிற மூளைக்கு அந்தத் தளர்வு வீடு திரும்பும் கணக்கை மாற்றும் அளவுக்குத் தேவைப்படுவதில்லை.

அதனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு. காசிமேட்டுக்காரருக்கு நெற்றிப் பக்கம் சின்ன மெனிஞ்ஜியோமா, அதாவது மூளை உறையில் வளரும் கட்டி, ஸ்கேனில் மூளையின் நடுக்கோடு நகரவில்லை, தலைவலிகூட லேசுதான், ஆகவே செவோ, ஃபென்டனில், நைட்ரஸ் இல்லாமல் ஆக்சிஜனும் காற்றும். அவர் மகன் ஒத்துக்கொண்டார், ஆனால் செலவு குறைகிறதே என்றுதான் என்று நினைக்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி இடித்துத் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவர், காலையில் எழுந்ததும் வாந்தியெடுத்து ஒரு பக்கம் கண்மணி விரிந்து வருகிறவர், இவர்களுக்கு ரத்த அழுத்தம் தாங்கும் என்றால் பால் மருந்து, தாங்காவிட்டால் அதைத் தாங்க வைத்துவிட்டுப் பால் மருந்து. கை கால் அசைவுக்கான நரம்பு வழியை ஆபரேஷனின்போதே மின்சாரம் வைத்துப் பரிசோதிக்கிறார்கள் என்றால் அங்கேயும் ஊசிதான், கேஸ் அந்த சிக்னலை அமுக்கிவிடும். எழுபது வயதுத் தாத்தாவுக்கு எது கொடுத்தாலும் குறைத்துக் கொடுக்க வேண்டும், 40-க்குப் பிறகு பத்து வருடத்துக்கு சுமார் 6 சதவீதம் மேக் குறைகிறது, இளைஞருக்கு வைக்கும் அதே குமிழ் நிலை அவருக்கு ஆழம் அதிகம்.

ஊசி மயக்கம் ஓடும்போது நெற்றியில் பிஸ் இருக்கிறதா, பம்புக்கு பேட்டரி இருக்கிறதா, ஊசி போட்ட கை கண்ணுக்குத் தெரிகிறதா, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நான் கேஸையே எடுப்பேன், மூளை கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும், அரை மேக்கும், மூளை வீக்கத்தை இறக்கும் மானிட்டோலும் வைத்துக்கொண்டு.

குடும்பத்தில் யாராவது மயக்கத்தின்போது உடம்பு கொதித்து, தசை விறைத்து ஆபத்தான நிலைக்குப் போனதுண்டா என்று கேட்போம். அப்படி ஒரு பரம்பரைக் கோளாறு இருந்தால் செவோ, ஐசோ, டெஸ், ஹாலோத்தேன் எதையும் தொடவே கூடாது, பால் மருந்து மாதிரி ஊசி மயக்கம்தான் வழி. மயக்க மருந்து ஓபிக்கு வரும்போது பழைய ஆபரேஷன் சீட்டு, வலிப்பு மாத்திரையின் அட்டை, பிரஷர் மாத்திரையின் அட்டை மூன்றையும் எடுத்து வாருங்கள், "வெள்ளை மாத்திரை, காலைல ஒன்னு" என்று மட்டும் சொன்னால் நாங்கள் எதைக் கண்டுபிடிப்பது.